கதவுக்கும் ஒரு கண் வேணும்

போன வருஷம் ஓகஸ்ட் லீவு. ஒலுவிலிலிருந்து நாங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நுரைச்சோலைக்கும் கல்பிட்டிக்கும் நடுவில் எங்களில் ஒருத்தரின் ராத்தா வீடு இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தா. சாப்பிட்டு முடித்து, முற்றத்தில் பாயைப் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மச்சான் கட்டாரில் வேலை. அவர் அனுப்பின காசில்தான் வீட்டோடு சேர்த்து கராஜ் கட்டி, அதுக்கு ரிமோட் ரோலர் கதவு போட்டார்கள். பிறகு அதை போனோடும் இணைத்தார்கள். உலகத்தில் எங்கே இருந்தும் கதவைத் திறக்கலாம், மூடலாம்.

பின்னேரம் நாலரை மணி இருக்கும். ராத்தாவின் மூத்த மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போனான். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கதவு தானாக இறங்கத் தொடங்கியது. இங்கே யாரும் சுவிட்சைத் தொடவில்லை. தோஹாவில் அப்போது பகல் ரெண்டு மணி. மச்சான் போனைப் பார்த்திருக்கிறார், கதவு திறந்திருக்கு எண்டு காட்டியிருக்கு, 'மூடு' என்பதை அமத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

கதவு வந்து நிலத்தைத் தொடுகிற அந்தக் கோட்டில், நிழலுக்காக, வீட்டுப் பூனை படுத்திருந்தது. நாலு வயது இளையவள் அதைக் கண்டுவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடினாள். எங்களில் ஒருத்தர் பின்னாலிருந்து எட்டி அவளின் சட்டையைப் பிடித்தார். கதவு நிற்கவில்லை. பூனையில் பட்ட பிறகும் திரும்பி மேலே போகவில்லை. உள்ளே ஓடி சுவிட்சைத் தேடி அமத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூனை அன்றிரவே செத்துப்போனது.

இரவு வீட்டுக்கு வந்த எல்லோரும் ராத்தாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பிள்ளையைப் பாக்காம நீ என்ன செஞ்சிக்கொண்டு இருந்தாய்?" மாமி கேட்டா. பக்கத்து வீட்டு மூத்தம்மா கேட்டா. தோஹாவிலிருந்து மச்சானும் கேட்டார்.

ராத்தா அந்த நேரம் குசினியில், நாங்கள் சாப்பிட்ட பீங்கான்களைக் கழுவிக்கொண்டிருந்தா.

கதவைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

கண் இருந்தது, கட்டிவிட்டார்கள்

நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். மோட்டார் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் ஒரு கதவு ஏன் நிற்கவில்லை என்று கேட்பதற்கு எந்தப் பீடத்தில் படித்தாலும் சரிதானே. அடுத்த நாள் கதவு போட்ட பாஸைக் கூப்பிட்டுக் கேட்டோம். நல்ல மனிசன், எல்லாவற்றையும் திறந்து காட்டினார்.

ரோலர் கதவின் ரெண்டு பக்கத் தூணிலும், கணுக்கால் உயரத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரெண்டு பெட்டிகள் எதிரெதிரே இருக்கும். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் மற்றதுக்குப் போகும். நடுவில் ஒரு கால், ஒரு பந்து, ஒரு பூனையின் முதுகு, எது மறித்தாலும் கதவு இறங்குவதை நிறுத்தி மேலே போகவேண்டும். இதைத்தான் சென்சர் என்கிறோம். ராத்தா வீட்டிலும் அந்தப் பெட்டிகள் ரெண்டும் இருந்தன. சின்ன சிவப்பு லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மேலே, மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், விரல் நீள வயர் ஒன்றால் அதைக் கடந்து விட்டிருந்தார்கள். சென்சர் என்ன சொன்னாலும் மோட்டாருக்கு 'வழி தெளிவு' என்றுதான் கேட்கும்.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டோம். "தம்பிமார், நான் சென்சர் போட்டுத்தான் குடுத்தன். சோளகக் காத்துக் காலம் வந்தா மணலும் உப்பும் கண்ணாடியில படியும். அப்ப கதவு மூடாது. இவங்க கோல் எடுப்பாங்க. நான் பாலாவியில இருந்து வரணும். மூணு தரம் வந்து தொடைச்சிட்டுப் போனன். நாலாம் தரம் வயரைச் சேத்து விட்டுட்டன். இந்தப் பக்கம் நிறைய வீட்டுல அப்பிடித்தான்."

அவர் சொன்ன காத்தை எங்களுக்கு நல்லாத் தெரியும். கல்பிட்டிக் கடலில் வெளிநாட்டுக்காரர் கைட் கட்டிச் சறுக்குவதும், முசல்பிட்டி, மாம்புரிப் பக்கம் காற்றாலை விசிறிகள் சுழல்வதும் அந்தக் காத்தால்தான். அதே காத்துதான் முகத்தில் உப்பைப் பூசிவிட்டுப் போகிறது, தகரத்தைத் தின்கிறது. அந்த உப்புக்கும் வெயிலுக்கும்தான் புத்தளத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. இந்தக் கரையில் ஒரு கண்ணாடித் துண்டு ஒரு மாதம் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தப்பு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி மறைந்ததும் கதவு மூட மறுத்ததே, அது பழுது இல்லை. 'எனக்குக் கண் தெரியல்ல, நான் இறங்க மாட்டன்' என்று கதவு சொன்னது. அதுதான் சரியான வேலை. நாங்கள் அதைக் கரைச்சல் என்று நினைத்து, கண்ணைத் துடைப்பதற்குப் பதிலாக, 'தெரியாவிட்டாலும் இறங்கு' என்று கதவைப் பழக்கிவிட்டோம்.

கடப்பும் படலையும் ரோலரும்

எங்கட ஊர்களில் இந்தக் கதவுகள் வந்து கனகாலம் இல்லை. எங்களில் ரெண்டு பேரின் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தவை. அவர்களின் முதல் வீட்டுக்குக் கதவே இல்லை, கிடுகுத் தட்டிதான். 'படலை' என்ற சொல்லை மூத்தம்மாவின் வாயிலிருந்துதான் நாங்கள் கேட்டோம். அதோடு 'கடப்பு' என்றும் சொல்லுவா. வேலியில் ஆள் தாண்டிப் போகலாம், மாடு போகாது, அந்த மாதிரி தடி கட்டிய இடைவெளி அது. யார் போகலாம், எது போகக்கூடாது என்று அந்தத் தடிகளுக்கே 'தெரியும்'. படலையும் அப்படித்தான். பிள்ளை முட்டினால் திறக்கும், ஆடு முட்டினால் சத்தம் கேட்கும். அதைத் தள்ளுகிறவரின் கை எப்போதும் அதிலேயே இருக்கும். கை நின்றால் படலையும் நிற்கும்.

பழசைப் புகழ்வதுக்கு இதைச் சொல்லவில்லை. கிடுகுத் தட்டிக்குத் திரும்பிப் போக ஒருத்தருக்கும் ஆசையில்லை. கட்டாரிலும் குவைத்திலும் வியர்வை சிந்தினவர், சிலாபம் வென்னப்புவப் பக்கம் என்றால் இத்தாலியில் வேலை செய்தவர், தன்ட வீட்டுக்கு ஒரு நல்ல கதவு போடுவதில் என்ன பிழை? ஆம்பிளை இல்லாத வீட்டில் இரவில் பாரமான கதவு ஒன்று இருப்பது ராத்தாவுக்கும் ஆறுதல்தான். கல்பிட்டி ரோட்டில் திரிகிற கழுதைகளும் தெரு நாய்களும் உள்ளே வராது, அதுவும் லாபம்.

மாறினது ஒன்றே ஒன்றுதான். கதவை மூடுகிற கை இப்போது கதவில் இல்லை. சாலையில் வேனுக்குள் இருக்கலாம், மாடியில் இருக்கலாம், தோஹாவில் இருக்கலாம். கை தூரப் போனால், கண் ஒன்றைக் கதவிலேயே வைக்கவேண்டும். அதுதான் அந்த ரெண்டு சின்னப் பெட்டிகள்.

வேற நாடுகளில் என்ன செய்தார்கள்

அமெரிக்காவில் இந்தக் கதவுகள் எங்களுக்குப் பல பத்து வருஷம் முன்னமே வந்துவிட்டன. அங்கே பிள்ளைகளும் செத்தார்கள். 1982 மார்ச்சிலிருந்து எண்ணி, 2 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 60 பிள்ளைகள் தானியங்கி கராஜ் கதவின் கீழ் சிக்கி இறந்ததாக அந்த நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு சொன்னது. 1990இல் அங்கே சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படுகிற ஒவ்வொரு வீட்டுக் கதவு மோட்டாருக்கும், ஏதாவது பட்டால் திரும்புகிற வசதியோடு ஒளிக்கதிர்க் கண்ணோ கதவின் கீழ் விளிம்பில் தொடு உணரியோ கட்டாயம் இருக்கவேண்டும். ஒளிக்கதிர் நிலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது என்பதும் அங்கே விதி. தவழுகிற பிள்ளையின் உயரம் அது.

இன்னொரு விதியைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கதவைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து, போனால் மூடுகிறதென்றால், கதவு அசைவதற்கு முன்னால் குறைந்தது 5 செக்கன் சத்தமும் வெளிச்சமும் வரவேண்டும். 5 செக்கன்! பூனைக்கு அது போதும். நாலு வயதுப் பிள்ளையைத் தூக்குவதற்கும் போதும். ராத்தா வீட்டுக் கதவு ஒரு சத்தமும் போடாமல்தான் இறங்கியது.

ஐரோப்பாவில் இன்னொரு வழியில் யோசித்திருக்கிறார்கள். இறங்குகிற கதவு ஓர் உடம்பில் எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் அழுத்தலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நசுங்கக்கூடிய ஒடுங்கிய இடைவெளியில் 400 நியூட்டன், அதுவும் முக்கால் செக்கனுக்கு மேலே இல்லை. 400 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 40 கிலோ பாரம். அப்படியிருந்தும் 2010இல் பிரித்தானியாவில் ஒரு கிழமைக்குள் ரெண்டு சின்னப் பிள்ளைகள் மின்சார கேட்டில் நசுங்கி இறந்தார்கள். கேட்டைச் செய்தவர் மட்டுமல்ல, பொருத்துகிறவரும் பராமரிக்கிறவரும் பொறுப்பு என்ற பேச்சு அதுக்குப் பிறகுதான் அங்கே பலமானது.

இந்த விதி ஒன்றிலும் 'தாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்' என்ற வரி இல்லை. பிள்ளை ஓடும், தாய் ஒரு நிமிஷம் திரும்புவாள், பூனை நிழலில் படுக்கும். இதெல்லாம் நடக்கும் என்று முதலே ஒப்புக்கொண்டு, அதுக்கு ஏற்ற மாதிரி கதவைச் செய் என்றுதான் அந்த விதிகள் சொல்கின்றன.

'எக்ஸ்ட்ரா'

அதுக்குப் பிறகு நாங்கள் புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில் கதவு போடுகிற மூன்று இடங்களுக்குப் போனோம். வீடு கட்டுகிறோம், விலை சொல்லுங்கள் என்று கேட்டோம். மூன்று இடத்திலும் கதவு, மோட்டார், ரெண்டு ரிமோட், இவைதான் விலைப்பட்டியலில் முதலில் வந்தன. சென்சர் கடைசி வரியில், 'எக்ஸ்ட்ரா'. ஓரிடத்தில் அதைப் பற்றி நாங்களாகக் கேட்ட பிறகுதான் எழுதினார்கள். இன்னோரிடத்தில், "காசு கூடினா அதை வெட்டலாம்" என்று அவர்களே வழி சொன்னார்கள். நிறத்தை வெட்டலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மூன்று இடத்திலும் சென்சர் சோடியின் விலை மொத்த விலையில் ஒரு சின்னத் துண்டுதான். அதனால் 'எங்கட சனத்துக்குக் கட்டாது' என்ற வாதம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ரோலர் கதவு போடுகிற வீட்டுக்கு அது கட்டும். கட்டாதது போல ஆக்குவது, அது கடைசி வரியில் இருப்பதுதான். காரை வாங்கும்போது பிரேக்கைத் தனி வரியில் போட்டு 'வேணுமா' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பாஸின் வாதம் அப்படியில்லை, அதைத் தள்ளிவிட ஏலாது. உப்பும் மணலும் உண்மை. ஒவ்வொரு தரமும் பாலாவியிலிருந்து சம்பளமில்லாமல் வருவதும் உண்மை. ஆனால் அதுக்கும் வழி இருக்கிறது. சென்சரைத் தூணின் வெளிமுகத்தில் வைக்காமல் உள்பக்கம் வைத்து, மேலே ஒரு சின்னக் கூரை போட்டால் மணல் குறைவாகப் படியும். காத்துக் காலத்தில் கிழமைக்கு ஒரு தரம் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தால் போதும். அப்படியும் ஒரு நாள் கதவு மூடாவிட்டால், சுவர் சுவிட்சை விடாமல் அமத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் இறங்குகிற ஏற்பாடு பல மோட்டார்களில் உண்டு. கையை எடுத்தால் கதவு நிற்கும். பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்துக்கொண்டே மூடலாம். மூத்தம்மாவின் படலை மாதிரி. வயரைச் சேர்த்துவிடத் தேவையே இல்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது

உங்கட வீட்டிலோ மாமா வீட்டிலோ இப்படிக் கதவு இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழும்பிப் போய் ரெண்டு விஷயம் பாருங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

முதலாவது, கதவு இறங்கும்போது தும்புத்தடி ஒன்றைத் தூர நின்று நீட்டி, சென்சர் ரெண்டுக்கும் நடுவில் மறியுங்கள். கதவு நின்று மேலே போகவேண்டும். போகாவிட்டால் ஒன்று சென்சர் இல்லை, இல்லையென்றால் யாரோ அதைக் கடந்து விட்டிருக்கிறார்கள். சிவப்பு லைட் எரிகிறது என்பதை நம்பவேண்டாம். ராத்தா வீட்டிலும் எரிந்தது.

ரெண்டாவது, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பலகைத் துண்டு ஒன்றைக் கதவுக்குக் கீழே நிலத்தில் படுக்க வையுங்கள். கதவு அதில் பட்டதும் திரும்பவேண்டும். இந்தச் சோதனை பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் முக்கியம். ஏனென்றால் சுருண்டு படுத்திருக்கிற பூனை, குட்டிப் பூனை, ஒளிக்கதிருக்குக் கீழே இருந்துவிடலாம். அப்போது கண் தப்பவிட்டதைக் கதவின் தொடுகை பிடிக்கவேண்டும். ரெண்டும் வேண்டும், ஒன்று போதாது. மாதத்துக்கு ஒரு தரம் செய்தால் நல்லது.

ரெண்டில் ஒன்று தோற்றாலும் ரிமோட்டையும் போனையும் ஒதுக்கிவையுங்கள். பாஸ் வந்து சரிசெய்யும் வரை பக்கத்தில் நின்று சுவர் சுவிட்சால் மட்டும் மூடுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகத் தொடவேண்டாம். அது முறுக்கேறி நிற்கிற இரும்பு, உப்புக் காத்தில் துருப்பிடித்தது என்றால் இன்னும் மோசம்.

சுவர் சுவிட்ச் 5 அடி உயரத்தில் இருக்கட்டும். ரிமோட் விளையாட்டுச் சாமான் இல்லை. மேலே போகிற கதவில் தொங்கி விளையாடுவது பிள்ளைகளுக்கு ஆசையான விளையாட்டு, ஆனால் மேலே சுருள்கிற இடத்தில் கை போய்விடும். கரண்ட் போனால் கையால் திறக்கிற கயிறோ சங்கிலியோ எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறக்கவில்லைதானே. நுரைச்சோலை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தும் நாங்களும் இருட்டில்தான் இருந்தோம்.

எங்கட கோரிக்கை

வீட்டுக்குள் செய்யக்கூடியதைச் சொல்லிவிட்டோம். ஆனால் அதோடு நிறுத்தினால் நாங்களும் மாமி மாதிரித்தான். எல்லாவற்றையும் ராத்தாவின் தலையில் போட்டதாக ஆகிவிடும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. தரம் நிர்ணயிக்க இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. வீட்டு கராஜ் கதவு மோட்டாருக்கென்றே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் தரநிலை ஒன்றும் தயாராக இருக்கிறது, நாங்கள் புதிதாக எழுதத் தேவையில்லை. கண்ணும் தொடுகைத் திருப்பமும் இல்லாத கதவு மோட்டாரை இந்த நாட்டில் வீட்டுக்கு விற்கக்கூடாது. விலைப்பட்டியலில் 'எக்ஸ்ட்ரா' வரி போகவேண்டும். போனால் மூடுகிற கதவு என்றால் முதலில் சத்தம் போடவேண்டும். கதவு போட்டவர், சென்சரைக் கடந்து விடவில்லை என்று எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். ஏமாந்தவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். முறைப்பாடு சேரச் சேரத்தான் இப்படி ஒரு பிரச்சினை இருப்பது கொழும்புக்குத் தெரியவரும்.

'ஒரு பூனைக்காக இவ்வளவா' என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. பூனைக்காகவும்தான். அந்த வீட்டில் அதுவும் ஓர் உசிர். ஆனால் சட்டையைப் பிடித்தவரின் கை ஒரு சாண் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அன்றைக்கு முற்றத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த ஒரு சாணை நம்பி ஒரு நாட்டின் கதவுகளை ஓடவிட ஏலாது.

ராத்தா வீட்டில் பாஸ் வந்து அந்த வயரைக் கழற்றிவிட்டார். பட்டால் திரும்புகிற மோட்டாருக்கு மச்சான் காசு சேர்க்கிறார். சென்சர் துடைக்கிற வேலையும் முதல் ரெண்டு கிழமை ராத்தாவின் தலையில்தான் விழுந்தது. நாங்கள் சண்டை பிடித்து அதை மூத்த மகனுக்கு மாற்றினோம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முதல் அவன் துடைக்கவேண்டும். மச்சான் போனிலிருந்த அந்த 'மூடு' பட்டனை இன்னும் அழிக்கவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கு என்று காட்டினால், இப்போது முதலில் வீட்டுக்குக் கோல் எடுத்து, "யாராச்சும் போய்ப் பாருங்க" என்கிறார்.